இரட்டைச் சைக்கிளும் இரண்டு வார விடுமுறையும்

என் நண்பர் ஒருவர் சென்ற கோடையில் பிரெஞ்சு தேசத்துக்குப் போய்விட்டு வந்தார். பாங்கியில் முப்பத்தைந்து வருஷம் பிறர் பணத்தை எண்ணிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். மகள் அங்கே உத்தியோகத்தில் இருக்கிறாள். போகும்போது அறுபத்து மூன்று வயதுக் கிழவராகப் போனவர், திரும்பி வந்தபோது காலேஜ் மாணவனைப் போல் துள்ளிக்கொண்டு வந்தார். காரணம் என்ன என்று கேட்டேன்.

"சைக்கிள்!" என்றார்.

பர்கண்டிப் பிரதேசத்தில் போன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கிருந்து சாந்தனே என்னும் கிராமம் வரையில் திராட்சைத் தோட்டங்களின் நடுவே சைக்கிளுக்கென்றே ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். சுமார் 22 கிலோமீட்டர் தூரம். பொமார், வொல்னே, மெர்சோ என்று வழியில் வரும் ஒவ்வோர் ஊரின் பெயரும் ஒயின் புட்டிகளின் மூலமாக உலகமெல்லாம் சுற்றிய பெயர். மகளும் மாப்பிள்ளையும் முன்னே போக, நண்பர் பின்னே மிதித்துக்கொண்டு போனாராம். பசித்த இடத்தில் இறங்கினார்களாம், வாடகை அறையில் தூங்கினார்களாம், மறுநாளும் மிதித்தார்களாம்.

"சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்?" என்று கேட்டேன். நண்பர் சுத்த சைவம். பர்கண்டியோ, மாட்டிறைச்சியைச் சிவப்பு ஒயினில் வேகவைத்தும், நத்தையைப் பூண்டும் வெண்ணெயும் சேர்த்துச் சுட்டும் உண்கிற சீமை.

"பாலாடைக் கட்டியைப் போட்டு உப்பலாகச் சுடுகிறார்கள், கூஜேர் என்று ஒரு பண்டம். நம்ம ஊர் போண்டாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அதிலேயே காலத்தை ஓட்டிவிட்டேன். ரொட்டியில் திஜோன் நகரத்துக் கடுகு விழுதைத் தடவித் தின்றால் மண்டை வரையில் ஏறுகிறது, ஐயா!"

"ஒயின்?"

நண்பர் சற்றுத் தயங்கினார். பிறகு சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ருசி பார்த்தேன், குடிக்கவில்லை. வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவதுதான் அந்தக் கிடங்குகளில் வழக்கம். அதற்கென்று ஒரு பாத்திரமே வைத்திருக்கிறார்கள்."

பிறகு பழைய குரலில், "சொர்க்கத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். இப்படி ஒரு காரியத்தை யார் ஐயா முதலில் கண்டுபிடித்தது?" என்றார்.

"கண்டுபிடித்தவர்கள் பலபேர். ஆனால், அதற்காக ஒருவர் கோர்ட்டில் குற்றவாளியாக நின்றார், தெரியுமா?" என்றேன்.

நண்பர் நம்பவில்லை. நேயர்களும் நம்பமாட்டார்கள். ஆகையால் கதையை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

சைக்கிளின் பிறப்பு ஒன்றும் ஏழையின் குடிசையில் நிகழவில்லை. 1817-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஜெர்மனியிலுள்ள மான்ஹைம் நகரில், கார்ல் திரைஸ் என்னும் பிரபு இரண்டு மரச் சக்கரங்களின்மேல் ஒரு கட்டையைப் பொருத்தி, அதன் மேல் உட்கார்ந்து, காலால் தரையை உதைத்துக்கொண்டு ஓடினார். மிதிகட்டை என்ற எண்ணமே அப்போது பிறக்கவில்லை. 1860-களில் பாரிஸ் நகரத்தில் மிஷோ என்பவரின் பட்டறையிலிருந்து மிதிகட்டை வைத்த வண்டிகள் வெளிவந்தன. அவற்றில் ஏறியவர்களின் எலும்புகள் குலுங்கினவே தவிர, வண்டி அதிக தூரம் போகவில்லை. 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர், இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவாக, பின் சக்கரத்துக்குச் சங்கிலி வைத்த சைக்கிளைச் செய்தார். இன்று நம் வீட்டு வாசலில் சாய்ந்து நிற்கும் சைக்கிளுக்கு அதுதான் பாட்டன். 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் டன்லப், தம் பையனின் மூன்று சக்கர வண்டி கல் ரோட்டில் கடகடவென்று ஆடுவதைப் பார்த்துச் சகியாமல், ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் கட்டினார். ஒரு தகப்பனாரின் பாசத்தால் உலகத்து எலும்புகளெல்லாம் பிழைத்தன!

ஆனால் அந்தச் சைக்கிளை யார் வாங்க முடிந்தது? கனவான்கள்தாம். பிரான்ஸில் 1893-இல் சைக்கிளுக்கு வருஷாந்தர வரியே போட்டார்கள். வண்டி குதிரைகளுக்குப் போட்டது போல, சைக்கிளும் ஆடம்பரப் பொருள்தான் என்பது சர்க்காரின் எண்ணம். 1890-இல் அந்த நாட்டுச் சைக்கிள் பிரியர்கள் சேர்ந்து சுற்றுலாச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். நாட்டுப்புறத்து விடுதிகளின் கதி அப்போது எப்படி இருந்தது என்று நான் வர்ணிக்கப் போவதில்லை. நேயர்கள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடும். 'மூட்டைப் பூச்சி இல்லாத படுக்கை வேண்டும், சுத்தமான கழிப்பறை வேண்டும்' என்று அந்தச் சங்கம் வருஷக் கணக்கில் கூக்குரல் போட்டது. பிரெஞ்சு விடுதிகளின் பெருமைக்குப் பின்னால் அந்தச் சைக்கிள்காரர்கள் அனுபவித்த மூட்டைப் பூச்சிக் கடியும் இருக்கிறது.

சாப்பாட்டுப் பெருமைக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தம் உண்டு. கிளெர்மோன் நகரத்து மிஷ்லன் சகோதரர்கள், எளிதில் கழற்றி மாட்டக்கூடிய சைக்கிள் டயரை 1891-இல் கொண்டு வந்தார்கள். அந்த வருஷம் நடந்த பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸ் பந்தயத்தில், சுமார் 1,200 கிலோமீட்டர் தூரத்தை அந்த டயரில் ஓட்டி ஷார்ல் தெரோன் வெற்றி பெற்றார். அதன் பிறகு மோட்டார் டயரும் வந்தது. டயர் விற்கவேண்டுமானால் தேயவேண்டும். தேயவேண்டுமானால் ஜனங்கள் ஊர் சுற்றவேண்டும். ஊர் சுற்றவேண்டுமானால் எங்கே தங்குவது, எங்கே பழுது பார்ப்பது என்று தெரியவேண்டும். ஆகவே 1900-இல் ஒரு கைப்புத்தகம் போட்டு இலவசமாகவே கொடுத்தார்கள். 1926 முதல் நல்ல சாப்பாட்டுக்கு அதில் நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள். இன்று உலகத்துச் சமையற்காரர்கள் தூக்கமின்றித் தவிப்பது அந்த நட்சத்திரங்களுக்காகத்தான்.

இந்த இடத்தில் ஒரு மகானை அறிமுகப்படுத்தாமல் மேலே போனால் எனக்குப் பாவம் வரும். பால் த விவி என்பது அவர் பெயர். வேலோசியோ என்பது புனைபெயர். 1853-இல் பிறந்தவர். பட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்தவர். சைக்கிள் பித்துத் தலைக்கேறி, 1887-இல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கி, செந்த்-எத்தியேன் நகரில் வாழ்நாளைக் கழித்தார். மலையேறுவதற்குப் பல்சக்கர மாற்று வேண்டும் என்று அவர் சொன்னபோது பந்தயக்காரர்கள் பரிகசித்தார்கள். பிரெஞ்சு தேசத்தைச் சுற்றும் அந்தப் பெரிய பந்தயத்தில் 1937 வரையில் அந்தக் கருவிக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவரோ 1930-இல் ஒரு டிராம் வண்டி மோதிக் காலமாகிவிட்டார்.

சைக்கிள் யாத்திரீகர்களுக்கு அவர் ஏழு விதிகள் சொல்லிவைத்தார். பசிப்பதற்கு முன் சாப்பிடு, தாகம் எடுப்பதற்கு முன் குடி, அதிகமாகத் தங்காதே, களைத்துப் போகும்வரை மிதிக்காதே, பிறர் மெச்சவேண்டுமென்று மிதிக்காதே என்ற தோரணையில் அவை போகின்றன. அவற்றில் ஒரு விதியைக் கேட்டால் நேயர்கள் வியப்படைவார்கள். பயணத்தின்போதாவது ஒயின், மாமிசம், புகையிலை மூன்றையும் விட்டுவிடவேண்டும் என்பது அது! ஆம், அவர் பிரெஞ்சுக்காரராகப் பிறந்தும் மரக்கறி உண்டவர். என் நண்பர் கூஜேரைத் தின்றுகொண்டு பர்கண்டியில் மிதித்தபோது, அவர் அறியாமலே ஒரு மகானின் அடிச்சுவட்டைப் பின்பற்றினார் என்றுதான் சொல்லவேண்டும்.

அந்த விதியில் அர்த்தம் இல்லாமல் இல்லை. 1950-ஆம் ஆண்டுப் பந்தயத்தில், பெர்பிஞ்ஞான் நகரத்துக்கும் நீம் நகரத்துக்கும் நடுவே, ஜூலை மாதத்துக் கொடும் வெயிலில் அப்தெல் காதர் ஜாஃப் என்ற அல்ஜீரிய வீரர் முன்னணியில் போய்க்கொண்டிருந்து, மயங்கி, ஒரு மரத்தடியில் விழுந்தார். எழுந்ததும் சைக்கிளில் ஏறி வந்த வழியே திரும்ப ஓட்டத் தொடங்கினார்! வழியில் யாரோ கொடுத்த ஒயின் செய்த வேலை என்றனர் சிலர். மயக்கம் தெளிவிக்க அவர்மேல் ஒயினை ஊற்றினார்கள், அதனால்தான் வாசனை என்றனர் வேறு சிலர். எப்படியானாலும் பந்தயத்தில் வென்றவரைக் காட்டிலும் திசை மாறிப் போனவரின் பெயர்தான் நிலைத்தது.

போகட்டும், ஒயினின் கதைக்கு வருவோம். நம் சங்கப் புலவர்கள் கூட யவனர் கப்பலில் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பாடாமல் விடவில்லை. ஆகையால் கதையைக் கேட்பதில் தோஷமில்லை.

பர்கண்டியின் சரிவுகளில் திராட்சையை அருமையாக வளர்த்தவர்கள் துறவிகள். 1098-இல் நிறுவப்பட்ட சீத்தோ மடத்துத் துறவிகள் வூழோ என்ற இடத்தில் மதில் எழுப்பித் தோட்டம் போட்டார்கள். எந்தத் துண்டு நிலத்தில் எந்த ருசி வருகிறது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்தார்கள். 1395-இல் பர்கண்டிக் கோமகன் பிலிப், காமே என்ற திராட்சைக் கொடியைப் பிடுங்கி எறிய உத்தரவு போட்டார். மிகுதியாகக் காய்த்தாலும் அதன் ரசம் மட்டம் என்பது அவருடைய குற்றச்சாட்டு. 1443-இல் நிக்கோலா ரோலன் என்ற மந்திரி, போன் நகரில் ஏழை நோயாளிகளுக்காக ஓர் ஆஸ்பத்திரி கட்டினார். பலவண்ண ஓடு வேய்ந்த அந்தக் கூரையை என் நண்பர் பல கோணங்களில் படம் பிடித்திருக்கிறார். புண்ணியவான்கள் அந்த ஆஸ்பத்திரிக்குத் திராட்சைத் தோட்டங்களை எழுதி வைத்தார்கள். அந்தத் தோட்டங்களின் ஒயினை 1859 முதல் நவம்பர் மாதத்தில் ஏலம் விட்டு வருகிறார்கள். நோய்க்கு மருந்து வாங்க ஒயின் பணம்!

அப்படிப்பட்ட தோட்டங்களுக்கும் கேடு காலம் வந்தது. 1878-இல் மெர்சோ கிராமத்தில், வேரைத் தின்னும் ஒரு சின்னஞ்சிறு பூச்சி தென்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த பூச்சி. சில வருஷங்களில் பச்சைச் சரிவுகள் விறகுக் காடாயின. பிறகு அதே அமெரிக்காவிலிருந்து பூச்சிக்கு அஞ்சாத வேர்க்கட்டையை வருவித்து, அதன்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டிப் பிழைக்க வைத்தார்கள். அது முடிந்தது என்றால், 1930-களில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. பீப்பாய் பீப்பாயாக ஒயின் கிடங்கில் தங்கியது. வாங்க ஆள் இல்லை. 1934-இல் நுயி நகரத்து ஒயின்காரர்கள் கூடி, "விற்கத்தான் முடியவில்லை, நண்பர்களை அழைத்து நாமே குடிப்போம்" என்கிற மாதிரி ஒரு விருந்துக் கழகம் ஆரம்பித்தார்கள். சிவப்பும் பொன்னிறமுமான அங்கி, பாட்டு, விருந்து எல்லாம் வைத்து ஊர் ஊராகப் பேர் பரப்பினார்கள். 1935 ஜூலையில், இன்ன ஊர்ப் பெயரில் இன்ன ஒயினைத்தான் விற்கலாம் என்று சட்டம் வந்தது. 1937-இல் திஜோன் பக்கத்திலிருந்து தோட்டங்களினூடே செல்லும் சாலைக்கு 'பெருந்தோட்டச் சாலை' என்று பெயர் சூட்டிப் பிரயாணிகளை வரவேற்றார்கள்.

கவனியுங்கள். ஒருபுறம் சைக்கிள் இருக்கிறது. 1930-களில் அதன் விலை இறங்கித் தொழிலாளியின் கைக்கும் எட்டிவிட்டது. பிரான்ஸில் எழுபது லட்சம் அளவில் சைக்கிள்கள் ஓடின. மறுபுறம் சாலை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, விலை போகாத ஒயின் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்க ஒன்றுதான் குறைவு. அது நேரம்! தொழிலாளி ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் கூலி போயிற்று. வேனிற்காலம் என்பது அவனைப் பொறுத்தவரையில் ஆலைக்குள்ளே வெப்பம் அதிகமாகிற காலம், அவ்வளவுதான்.

அந்த நேரம் எப்படிக் கிடைத்தது?

1936 மே மாதத்தில் நடந்து முடிந்த பொதுத் தேர்தலில், சோஷலிஸ்டுகளும் ராடிகல்களும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்த மக்கள் முன்னணி வெற்றி பெற்றது. சோஷலிஸ்டுத் தலைவர் லெயோன் ப்ளூம் பிரதமராக வேண்டியவர். மூக்குக் கண்ணாடியும் மெல்லிய குரலும் உள்ளவர். இலக்கிய விமர்சனம் எழுதியவர். அவர் பதவி ஏற்பதற்குள்ளேயே தேசமெங்கும் வேலை நிறுத்தம் தொடங்கிவிட்டது. ஜூன் மாதத்தில் ஏறத்தாழ இருபது லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். அதுவும் எப்படி? ஆலையை விட்டு வெளியே வரவில்லை, உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள்! மனைவிமார் கூடையில் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்க, ஓய்ந்து கிடந்த யந்திரங்களின் நடுவே அக்கார்டியன் வாசித்து நடனம் ஆடினார்கள்.

ஜூன் 7-ஆம் தேதி இரவு முதலாளிகளும் தொழிற் சங்கத்தாரும் பிரதமரின் மாளிகையில் ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். சட்டங்கள் சரசரவென்று பிறந்தன. ஜூன் 20-ஆம் தேதிச் சட்டம்தான் நமக்கு வேண்டியது. நேயர்கள் அந்தத் தேதியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வருஷம் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் சம்பளத்துடன் பதினைந்து நாள் விடுமுறை! இந்த விஷயம் மக்கள் முன்னணியின் தேர்தல் திட்டத்திலேயே இல்லை என்பதுதான் வேடிக்கை. வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் என்றால் பலர் நம்பவே இல்லையாம். 'வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டார்களே?' என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். நம்முடைய மனம் அப்படி; நல்லது வந்தால் வாசலிலேயே நிறுத்தி ஜாதகம் கேட்கும்.

சட்டம் போட்டால் போதுமா? எங்கே போவது, எதில் போவது? அதற்காக லெயோ லக்ராஞ்ச் என்ற முப்பத்தைந்து வயது இளைஞரை உபமந்திரியாக நியமித்தார்கள். விளையாட்டும் ஓய்வு நேரமும் அவருடைய இலாகா. எதிர்க்கட்சிப் பத்திரிகைகள், "சோம்பேறித்தனத்துக்கு ஒரு மந்திரி!" என்று கேலி செய்தன. அவர் கவலைப்படவில்லை. ரெயில்வேக்களுடன் பேசி, தொழிலாளர்களுக்கு நூற்றுக்கு நாற்பது வீதம் கட்டணம் குறைத்து விடுமுறை டிக்கெட் வாங்கித் தந்தார். ஆகஸ்டு முதல் வாரத்தில் அந்த ரெயில்கள் புறப்பட்டன. அந்த வருஷம் மட்டும் சுமார் ஆறு லட்சம் பேர் அந்த டிக்கெட்டில் போனார்கள். இளைஞர்கள் மலிவாகத் தங்குவதற்கான விடுதிகள் ஊர்ஊராகப் பெருகின.

அப்போது ஜெர்மனியிலும் இத்தாலியிலும் சர்வாதிகாரிகள் தொழிலாளர்களுக்கு உல்லாசப் பிரயாணம் நடத்தாமல் இல்லை. ஆனால், அங்கே பாட்டும் படையணிபோல், சிரிப்பும் உத்தரவின்பேரில். லக்ராஞ்ச் இதைத்தான் வேண்டாம் என்றார். ஓய்வு நேரத்தை எப்படிக் கழிப்பது என்று ஒரு ஜனநாயக சர்க்கார் உத்தரவு போடக்கூடாது. வழிகளைத் திறந்துவிட வேண்டும். தேர்ந்து கொள்வது அவரவர் உரிமை என்பது அவருடைய கொள்கை.

திறந்த வழியில் ஜனங்கள் புறப்பட்டார்கள். ரெயிலில் போக முடியாதவர்கள் சைக்கிளில் போனார்கள். இருவர் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்து மிதிக்கும் இரட்டைச் சைக்கிள் அந்தக் கோடையின் சின்னமாகவே ஆகிவிட்டது. முன்னால் கணவன், பின்னால் மனைவி. இருவருக்கும் ஒரே நிறத்தில் பின்னிய மேற்சட்டை. பின்னால் கூடாரமும் சட்டியும் கட்டிய மூட்டை. நட்சத்திர விடுதிக்கு அவர்கள் போகவில்லை. நதிக்கரைப் புல்லில் துணியை விரித்து, ரொட்டியும் பாலாடைக் கட்டியும் வைத்து, ஒரு புட்டி சாதாரணச் சிவப்பு ஒயினைத் திறந்தார்கள். அப்படி நதிக்கரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத்தைக் கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1938-இல் எடுத்த புகைப்படம் உலகப் பிரசித்தம். அதில் யாரும் காமிராவைப் பார்க்கவில்லை. சாப்பாட்டில் அத்தனை கவனம்! ஒருவர் கண்ணாடித் தம்ளரில் ஒயின் ஊற்றிக் கொண்டிருக்கிறார்.

கடற்கரை ஊர்களில் வழக்கமாக வந்து தங்கும் செல்வர்கள் இந்தக் கூட்டத்தைக் கண்டு முகம் சுளித்தார்கள். "தொப்பி போட்ட அழுக்கர்கள்" என்ற வசை பிறந்தது. எல்லாத் தொழிலாளர்களும் போய்விட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. பணமில்லாமல் வீட்டிலேயே தங்கியவர்களும், சொந்தக் கிராமத்தில் மாமன் மச்சான் வீட்டுக்குப் போய் அறுவடைக்கு ஒத்தாசை செய்தவர்களும் அதிகம். ஆனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவனுக்கும் அந்தப் பதினைந்து நாள் சொந்தமாக இருந்தது அல்லவா? அதுதான் விஷயம்.

இந்த இடத்தில் நம்மை உறுத்தும் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விட்டால் கதை அரைக் கதையாகிவிடும். அதே பிரெஞ்சுக் கொடி நம் புதுச்சேரியிலும் பறந்து கொண்டிருந்தது. அங்கே பஞ்சாலைத் தொழிலாளர்கள், வ. சுப்பையாவின் தலைமையில், சங்க உரிமையும் எட்டு மணி நேர வேலையும் கேட்டுப் போராடினார்கள். பிரான்ஸில் தொழிலாளர்கள் செய்தது போலவே இவர்களும் ஆலைக்குள் உட்கார்ந்தார்கள். 1936 ஜூலை 30-ஆம் தேதி அவர்கள்மேல் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. பன்னிரண்டு பேர் மாண்டார்கள். பாரிஸில் விடுமுறை ரெயில்கள் புறப்படுவதற்குச் சில நாட்களே இருந்தன. ஒரே சர்க்கார், ஒரே கோடை. அங்கே தொழிலாளியின் கையில் ரெயில் டிக்கெட், இங்கே மார்பில் குண்டு. 1937-இல் பிரெஞ்சிந்தியாவுக்கென்று தொழிலாளர் சட்டம் வந்தது. எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. இன்றும் ஜூலை 30-ஆம் தேதி புதுவையில் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அஞ்சலி செலுத்துகிறார்கள். மக்கள் முன்னணியைப் புகழ்ந்து பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். கப்பலேறி வந்தால் நீதிக்கும் சில சமயம் வழி தவறிவிடுகிறது.

நான்கு வருஷம் சென்றது. 1940 மே மாதத்தில் ஹிட்லரின் படைகள் பிரான்ஸுக்குள் புகுந்தன. இரட்டைச் சைக்கிள்கள் போன சாலைகளில் அகதிகள் போனார்கள்; சைக்கிளிலும், தள்ளுவண்டியிலும், கால்நடையாகவும். லெயோ லக்ராஞ்ச் பார்லிமெண்டு அங்கத்தினராக இருந்தும் தாமாகவே போர்முனைக்குப் போயிருந்தார். ஜூன் 9-ஆம் தேதி குண்டுபட்டு இறந்தார். "சோம்பேறி மந்திரி"யின் முடிவு அது.

ஜூன் 20-ஆம் தேதி, ஆட்சிக்கு வந்திருந்த மார்ஷல் பெத்தான் ரேடியோவில் பேசினார். முதல் உலக யுத்தத்தில் புகழ் பெற்ற எண்பத்து நான்கு வயதுக் கிழவர். தியாக உணர்ச்சியைச் சுகபோக உணர்ச்சி வென்றுவிட்டது; அதனால்தான் தோற்றோம் என்பது அவர் பேச்சின் சாரம். தேதியைக் கவனித்தீர்களா? விடுமுறைச் சட்டம் பிறந்து சரியாக நான்கு வருஷம்!

சுகபோகம் என்று சொன்னால் போதாது. யாராவது ஒருவர் குற்றவாளியாக வேண்டும். 1942 பிப்ரவரியில் ரியோம் என்ற ஊரில் ஒரு விசேஷ நீதிமன்றம் கூடியது. லெயோன் ப்ளூமும் வேறு சிலரும் தேசத்தை யுத்தத்துக்குத் தயார் செய்யாத குற்றவாளிகள் என்று நிறுத்தப்பட்டார்கள். வாரம் நாற்பது மணி நேர வேலை, சம்பளத்துடன் விடுமுறை ஆகியவற்றால் ஆயுத உற்பத்தி கெட்டது என்பது வழக்கு. எழுபது வயதை நெருங்கிய ப்ளூம் எழுந்து நின்றார். 1936 செப்டம்பரில் பெரிய அளவில் ஆயுதத் திட்டம் போட்டது தம்முடைய சர்க்கார்தான் என்று எடுத்துக் காட்டினார். அதற்கு முன், 1934-இல் ராணுவச் செலவைக் குறைத்தபோது யுத்த மந்திரியாக இருந்தவர் யார் என்ற கேள்வியும் எழுந்தது. அவர் வேறு யாருமல்ல, மார்ஷல் பெத்தானேதான்!

ஆனால் ப்ளூம் சொன்னவற்றில் ஜனங்கள் மறக்காதது இன்னொன்று. பதவியில் இருந்தபோது தாம் அலுவலகத்தை விட்டு அதிகமாக வெளியே போனதில்லை என்றார். எப்போதாவது பாரிஸின் புறநகர்களைக் கடந்து போகும்போது, பழைய மோட்டார் வண்டிகளிலும் இரட்டைச் சைக்கிள்களிலும் தொழிலாளத் தம்பதிகள் ஒரே நிறச் சட்டை அணிந்து போவதைப் பார்த்தாராம். வெளிச்சம் இல்லாத வாழ்க்கையில் சிறிது ஒளியையாவது கொண்டுவந்தோம் என்று அப்போது தோன்றியதாம். அவர்களைச் சாராயக் கடையிலிருந்து பிரித்ததோடு அது நிற்கவில்லை. குடும்பத்தோடு கழிக்க நேரமும், வருங்காலத்தில் நம்பிக்கையும் அவர்களுக்குக் கிடைத்தன என்று சொன்னார். தலைக்குமேல் கத்தி தொங்கும்போது ஒரு மனிதர் தம் பக்கத்துச் சாட்சியாக இரட்டைச் சைக்கிளை அழைத்தார்!

அந்தச் சாட்சியை எந்த வக்கீலாலும் குறுக்கு விசாரணை செய்ய முடியவில்லை. குற்றம் சாட்டியவர்களே கூண்டில் நிற்பது போல் ஆகிவிட்டது. ஹிட்லருக்கும் எரிச்சல் மூண்டது. ஏப்ரல் மாதத்தில் விசாரணையைத் தீர்ப்பின்றியே நிறுத்திவிட்டார்கள்.

ஆனாலும் ப்ளூமை விடுதலை செய்யவில்லை. 1943-இல் ஜெர்மானியர் அவரைப் புக்கன்வால்டுச் சிறைமுகாம் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். 1945-இல் உயிருடன் திரும்பினார், 1950-இல் காலமானார். லக்ராஞ்சின் இலாகா பின்னர் சேர்ந்திருந்த கல்வி அமைச்சின் மந்திரி ஜான் ஸே என்பவரோ திரும்பவில்லை. பெத்தான் ஆட்சியின் அடியாட்கள் அவரைச் சிறையிலிருந்து அழைத்துப் போய்க் காட்டில் சுட்டுக் கொன்றார்கள். அது நடந்தது 1944-ஆம் ஆண்டு. தேதி, ஜூன் 20.

விடுமுறைச் சட்டம் மட்டும் சாகவில்லை. 1956-இல் இரண்டு வாரம் மூன்றாயிற்று, 1969-இல் நான்கு, 1982-இல் ஐந்து. சைக்கிளில் போனவர்களின் பிள்ளைகள் காரில் போனார்கள். பேரப் பிள்ளைகள் மறுபடியும் சைக்கிளுக்கே திரும்பி, பர்கண்டித் தோட்டங்களின் நடுவே மிதித்துக்கொண்டு போகிறார்கள்.

கதையை முடித்தேன். நண்பர் வெகுநேரம் பேசவில்லை. தம்முடைய படங்களை எடுத்து மறுபடியும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் எனக்கு எத்தனை நாள் லீவு பாக்கி இருந்தது தெரியுமா?" என்றார் கடைசியில். "லீவு எடுக்காதவன் என்று எனக்கு நல்ல பெயர். அவளை மகாபலிபுரத்துக்குக் கூட அழைத்துப் போனதில்லை."

அவருடைய மனைவி காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை.

சிறிது நேரம் கழித்து அவரே, "அடுத்த கோடையிலும் மகள் கூப்பிட்டிருக்கிறாள். போனால் அந்த லக்ராஞ்சின் பெயரைச் சொல்லி ஏதாவது செய்யவேண்டும் போல் இருக்கிறது. என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

"ஒரே ஒரு வாய் ஒயினை மட்டும் துப்பாமல் விழுங்கிவிடும்" என்றேன்.

நண்பர் மறுபடியும் சமையலறைப் பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. முப்பது வருஷத்துப் பழக்கம்!

"வேண்டாம், ஐயா. ஒரு தம்ளர் தண்ணீர் போதும்" என்றார்.